கண்ணாடிப் பெட்டியும் மலையகத்து ஓடையும்

மீன் தொட்டி என்றதும் நம்மில் பெரும்பாலோருக்கு நினைவில் எழுவது, வைத்தியரின் வரவேற்பறையிலோ உணவகத்தின் வாசலிலோ காற்றுக் குமிழிகளைக் கக்கிக்கொண்டு நிற்கும் பெரிய கண்ணாடித் தொட்டியும் அதனுள் சோம்பித் திரியும் பொன்மீன்களும்தாம். கடந்த சில தசாப்தங்களில் இந்தப் பொழுதுபோக்கின் வடிவம் வெகுவாக மாறிவிட்டது. இருபது அல்லது முப்பது லீற்றர் நீரை மட்டுமே கொள்ளும் சிறு தொட்டி; அடியில் சத்துள்ள மண்; அம்மண்ணில் வேரூன்றி வளரும் நீர்ப்பூண்டுகள்; அவற்றுக்கிடையே விரற்கடை நீளமேயுள்ள மீன்கள். 'நனோ' தொட்டி என்று இதனை அழைக்கின்றனர். யப்பானியப் புகைப்படக் கலைஞரான தக்காஷி அமானோ (1954 - 2015) இயற்கை நிலக்காட்சியைத் தொட்டிக்குள் அமைக்கும் முறையை ஒரு கலையாகவே வளர்த்தெடுத்த பின்னர், தோக்கியோவிலிருந்து ரொறன்ரோ வரை அடுக்குமாடி வீடுகளின் மேசைகளில் இத்தகைய சிறு தொட்டிகள் இடம்பிடித்துவிட்டன.

இது யப்பானியருக்கும் ஜேர்மானியருக்கும் உரிய பொழுதுபோக்கு, நமக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று வாசகர் கேட்கலாம். தொடர்பு உண்டு. அத்தொட்டிகளில் வளரும் பூண்டுகளிலும் மீன்களிலும் குறிப்பிடத்தக்கவை இலங்கையின் ஈரவலய ஓடைகளைத் தாயகமாகக் கொண்டவை. அதைவிட முக்கியமானது இன்னொன்று. இந்தக் கண்ணாடித் தொட்டியின் மூதாதையான ஒரு பெட்டி, நம் முன்னோர் மலையகத்துக்குக் கொண்டுவரப்பட்ட பெருந்தோட்ட வரலாற்றிலும் பங்கு வகித்தது. இவ்விரு வரலாறுகளும் தனித்தனியாகவே எழுதப்பட்டு வந்துள்ளன. அவற்றைச் சேர்த்துப் படித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கதை இலண்டனின் கிழக்குப் பகுதியில் தொடங்குகிறது. அங்கே நதானியேல் வார்ட் என்ற மருத்துவர் வாழ்ந்தார். செடி வளர்ப்பில் பெருவிருப்புக் கொண்டவர். ஆனால் தொழிற்சாலைப் புகை சூழ்ந்த அந்த நகரில் அவர் வளர்க்க விரும்பிய பன்னச் செடிகள் பிழைக்கவில்லை. 1829 ஆம் ஆண்டில் அந்துப்பூச்சியின் கூட்டுப்புழு ஒன்றை ஈரமான இலைமட்கில் வைத்து, மூடிய கண்ணாடிப் போத்தலுக்குள் விட்டிருந்தார். பூச்சி வெளிவருவதைப் பார்ப்பதே அவரது எண்ணம். ஆனால் அவர் கண்டது வேறு. இலைமட்கிலிருந்து ஒரு பன்னமும் ஒரு புல்லும் முளைத்திருந்தன. பகலில் ஆவியான நீர் கண்ணாடியில் படிந்து, மீண்டும் மண்ணுக்கே வடிந்தது. எவரும் நீரூற்றாமலே அந்தச் செடிகள் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தன.

அந்தப் போத்தலையே பெருப்பித்து, மரச்சட்டமும் கண்ணாடியும் கொண்ட பெட்டியாக வார்ட் செய்வித்தார். 1833 இல் பன்னங்களும் புற்களும் நிறைந்த இரு பெட்டிகள் கப்பலின் மேற்தளத்தில் அவுஸ்திரேலியாவின் சிட்னி நகருக்கு அனுப்பப்பட்டன. பல மாதக் கடற்பயணத்தின் பின்னரும் செடிகள் உயிரோடு போய்ச் சேர்ந்தன. அதுவரை நெடுந்தூரம் கப்பலேற்றப்பட்ட செடிகளில் பெரும்பாலானவை உப்புக் காற்றாலும் நன்னீர்ப் பஞ்சத்தாலும் வழியிலேயே மடிந்து போவதுதான் வழக்கம். வார்டின் பெட்டி அந்தத் தடையை உடைத்தது.

பேரரசுகளுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? 1848 முதல் 1851 வரை கிழக்கிந்தியக் கம்பனிக்காகச் சீனாவில் அலைந்த ரொபேர்ட் போர்ச்சூன், ஆயிரக்கணக்கான தேயிலைக் கன்றுகளையும் முளைவிட்ட விதைகளையும் வார்ட் பெட்டிகளிலேயே இந்தியாவுக்குக் கடத்தினார். தென்னமெரிக்க அந்தீஸ் மலைகளின் சிங்கோனா மரமும் அவ்வாறே நீலகிரிக்கு வந்தது. அதே சிங்கோனாவை வளர்ப்பதற்கென்றே 1861 இல் நுவரெலியாவுக்கு அருகில் ஹக்கல தாவரவியல் பூங்கா தொடங்கப்பட்டது. 1876 இல் பிரேசிலிலிருந்து கொண்டுவரப்பட்ட இறப்பர் விதைகள் இலண்டன் கியூ பூங்காவில் முளைக்க வைக்கப்பட்டு, ஏறத்தாழ 2,000 கன்றுகள் 38 வார்ட் பெட்டிகளில் இலங்கைக்கு அனுப்பப்பட்டன. கம்பஹாவுக்கு அருகேயுள்ள ஹெனரத்கொட பூங்காவில் அவை நடப்பட்டன. ஆசியாவின் இறப்பர்த் தோட்டங்களுக்கு அதுவே தொடக்கம்.

இங்கே சற்று நிற்க வேண்டியுள்ளது. கன்றுகள் கண்ணாடிப் பெட்டியில் வந்தன. உப்புக் காற்று படாமலும் வெயில் சுடாமலும் கப்பலின் மேற்தளத்தில் அவை காக்கப்பட்டன. ஆனால் இம்மலைகளில் காடழித்து நிலம் திருத்தவும், கோப்பியையும் பின்னர் தேயிலையையும் நடவும் தென்னிந்தியாவிலிருந்து அழைத்து வரப்பட்ட மனிதர்கள் எவ்வாறு வந்தார்கள்? பாக்கு நீரிணையைத் தோணிகளில் கடந்து, மன்னார்ப் பக்கம் இறங்கி, அங்கிருந்து மாத்தளை வரை காட்டு வழியே கால்நடையாக வந்தார்கள். வழியில் குடிநீர் இல்லை; வாந்திபேதியும் காய்ச்சலும் இருந்தன. விழுந்தவர்கள் வழியோரத்திலேயே விடப்பட்டார்கள். செடியை உயிரோடு கொண்டு சேர்ப்பதற்காகச் சிந்திக்கப்பட்ட அளவுக்கு, செடியை நடுபவனை உயிரோடு கொண்டு சேர்ப்பதற்காக அந்த நாட்களில் சிந்திக்கப்படவில்லை. மலையகத்தின் வரலாற்றை இந்த ஒரு ஒப்பீட்டிலேயே எழுதிவிடலாம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

இனி, அதே பெட்டி மீன் தொட்டியாக மாறிய விதத்தைப் பார்ப்போம். வார்ட் தமது பெட்டிகளில் ஒன்றில் நீரையும் மீனையும் பூண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்திருந்தார். ஆனால் அதன் தத்துவத்தை முறையாக ஆராய்ந்து வெளியிட்டவர் ரொபேர்ட் வாரிங்டன் என்னும் இரசாயனவியலாளர். இருவருமே இலண்டன் மருந்தாளர் சங்கத்தோடு தொடர்புடையவர்கள். வாரிங்டன் ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் மணலும் கல்லும் இட்டு, நாடாப் போன்ற இலைகளையுடைய வல்லிஸ்னேரியா பூண்டை நட்டு, இரு சிறு பொன்மீன்களை விட்டார். பூண்டு ஒட்சிசனைத் தந்தது. மீனின் கழிவு பூண்டுக்கு உரமானது. ஆயினும் அழுகிய இலைகளால் நீர் கலங்கியது. குளத்து நத்தைகள் சிலவற்றைச் சேர்த்ததும் அவை அழுகல்களைத் தின்று தீர்க்க, நீர் தெளிந்தது. மீன், பூண்டு, நத்தை ஆகிய மூன்றும் ஒன்றையொன்று தாங்கி நிற்கும் இந்தச் சமநிலையை 1850 இல் அவர் இரசாயனச் சங்கத்துக்கு எடுத்துரைத்தார்.

கண்ணாடி மீதான வரியை பிரித்தானிய அரசு 1845 இலேயே நீக்கியிருந்தது. 1853 இல் இலண்டன் மிருகக்காட்சிச் சாலையில் மீன்களுக்கென ஒரு மனை திறக்கப்பட்டது. 1854 இல் பிலிப் ஹென்றி கோஸ் எழுதிய நூல், மீன் தொட்டிக்கு இன்றுவரை ஆங்கிலத்தில் வழங்கும் பெயரை வீடுதோறும் கொண்டு சேர்த்தது. இன்றைய நனோ தொட்டி, வாரிங்டன் செய்து பார்த்த அந்தச் சிறு பாத்திரத்தின் நேரடி வாரிசேயாகும். பெரிய தொட்டி, பெரிய மீன் என்று ஒன்றரை நூற்றாண்டு அலைந்த பொழுதுபோக்கு, மீண்டும் பூண்டின் துணையில் நிற்கும் சிறு தொட்டிக்கே திரும்பி வந்திருக்கிறது.

இந்தத் தொட்டிகளில் நடப்படும் பூண்டுகளின் பெயர்களைக் கேட்டால், இலங்கையின் காலனித்துவ வரலாறு கண்முன் விரியும். நிழலிலும் வளரும், அதிகம் பராமரிப்புத் தேவைப்படாத கிரிப்டோகொரைன் என்ற பூண்டினம் தொட்டி வளர்ப்போருக்கு மிக விருப்பமானது. சேம்புக் குடும்பத்தைச் சேர்ந்தது. இலங்கைக்கே உரிய அதன் இனங்களுள் ஒன்று 'பெக்கெற்றியை'. நெயிலர் பெக்கெற் என்பவர் இலங்கையில் கோப்பித் தோட்டம் நடத்திய துரை; பாசிகளை ஆராய்வதில் நாட்டமுடையவர். கோப்பி வீழ்ந்த காலத்தில் நியூசிலாந்துக்குக் குடிபெயர்ந்துவிட்டார். அவரது பெயர் இன்றும் உலகெங்கும் தொட்டிகளில் வாழ்கிறது. இன்னொன்று 'த்வைற்றெசியை', 1849 முதல் 1880 வரை பேராதனைப் பூங்காவின் பொறுப்பிலிருந்த த்வைற்ஸின் பெயரால் வந்தது. மற்றொன்று 'வில்லிசியை', 1896 முதல் 1912 வரை அதே பூங்காவின் பணிப்பாளராயிருந்த வில்லிஸின் பெயர். உலகச் சந்தையில் மிகப் பரவலாக விற்பனையாகும் 'வென்ற்றியை' என்ற இனத்துக்கு, 1958 இல் ஒல்லாந்துத் தாவரவியலாளர் டி விட் பெயரிட்டார். வென்ற் என்பவர் தொட்டியில் பூண்டு வளர்த்த ஒரு ஜேர்மானியர்.

தோட்டத் துரை ஒருவர், பூங்காப் பணிப்பாளர்கள் இருவர், தொட்டியில் பூண்டு வளர்த்தவர் ஒருவர் என இத்தனை பேரும் தாவரவியலில் நிலைபெற்றுவிட்டனர். அதே ஓடைகளில் துணி துவைத்து, குளித்து, பீலியில் நீர் பிடித்து வாழ்ந்த மக்கள் கூட்டத்தின் ஒரு பெயர்கூட இந்தப் பட்டியலில் இல்லை. இதைக் குறையாகச் சொல்வதில் பயனில்லை. ஆனால் குறித்து வைப்பது அவசியம்.

மீன்களின் பெயர்கள் சற்று வேறுபட்ட கதையைச் சொல்கின்றன. தொடக்கத்தில் அவற்றுக்கும் இலண்டனிலேயே பெயர் சூட்டப்பட்டது. ஆண்மீன் இனப்பெருக்கக் காலத்தில் கருமையும் செந்நிறமும் கலந்து மின்னும் 'கருமாணிக்கக் கெண்டை'யை 1868 இல் விவரித்தவர் பிரித்தானிய நூதனசாலையின் குந்தர். ஆனால் இருபதாம் நூற்றாண்டில் கொழும்பு நூதனசாலையைச் சேர்ந்த பி. ஈ. பி. தெரணியகல (1900 - 1976) இந்த மண்ணின் சொற்களையே அறிவியலுக்குள் கொண்டு சென்றார். 1929 இல் அவர் விவரித்த செந்நிறச் சிறு கெண்டைக்கு அதன் சிங்களப் பெயரான 'தித்தேயா'வையே வைத்தார். இன்று உலகம் முழுவதும் செர்ரிக் கெண்டை என்று விற்கப்படுவது அதுவே. 1930 இல் அவர் விவரித்த இன்னொரு சிறு மீனுக்கு, ஹல் மரத்தின் பூவை நினைவூட்டும் பெயர் வந்தது. 1943 இல் விவரித்த, இரண்டரை சென்ரிமீற்றரை எட்டுவதே அரிதான மிகச் சிறிய மீனுக்கு 'ஹொரதண்டியா' என்று பெயரிட்டார். 'ஹொர' என்றால் சிங்களத்தில் 'கள்ள' என்று பொருள். கள்ளத் தண்டியா! நனோ தொட்டிக்கென்றே பிறந்தது போன்ற மீன் அது. 2012 இல் ரொஹான் பெத்தியாகொடவும் சகாக்களும் தென்னாசியக் கெண்டைகளை மறுவகைப்படுத்தியபோது, 'பெத்தியா' என்ற சிங்களச் சொல் ஒரு பேரினத்தின் பெயராகவே ஆகிவிட்டது. குந்தர் பெயரிட்ட கருமாணிக்கக் கெண்டை இன்று அந்தப் பேரினத்தில்தான் வைக்கப்பட்டுள்ளது.

தமிழ் நிலத்தின் சுவடும் இல்லாமலில்லை. தேங்கிய நீரில் வாழும், வாலில் கூர்முனை கொண்ட ஒரு சிறு மீனுக்கு 1831 இல் பிரெஞ்சு அறிஞர்கள் வைத்த 'குப்பானஸ்' என்ற பெயர், புதுச்சேரிக்கு அருகில் ஓடும் அரியாங்குப்பம் ஆற்றிலிருந்து வந்தது. இலங்கையிலும் வாழும் இம்மீனை வளர்க்கும் ஐரோப்பியரில் எத்தனை பேர் அந்தச் சொல்லுக்குள் ஒரு தமிழ்க் குப்பம் இருப்பதை அறிவர்?

இனி ராகலைக்கு வருவோம். நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக ஒரு குறுகிய பாதைப் புகையிரதம் ராகலை வரை ஓடிய காலம் ஒன்றிருந்தது. 1903 - 1904 இல் திறக்கப்பட்டு, 1940களில் கைவிடப்பட்ட பாதை அது. தேயிலை கீழிறங்கவும் அரிசியும் உரமும் மேலேறவும் போடப்பட்ட அந்தத் தண்டவாளத்தின் முடிவில் நின்ற ஊர் ராகலை. ஐயாயிரம் அடிக்கு மேற்பட்ட மலைக்காடுகளைத் தொடக்கூடாது என்று கியூ பூங்காவின் ஜோசப் ஹூக்கர் 1873 இல் அறிவுறுத்தியிருந்தார். அந்த அறிவுரையின் பயனாகவே ஹோர்ட்டன் சமவெளி போன்ற சில காடுகள் தப்பின. ஆனால் ராகலை, கந்தப்பளை, உடப்புசல்லாவைப் பக்கத்து மலைமுகடுகளில் இன்று கண்ணுக்கெட்டியவரை தெரிவது தேயிலையே.

காடு போனபின் ஓடைக்கு என்ன ஆகும்? நிழல் போய்விடுகிறது. மழை பெய்தால் மண் கரைந்து ஓடை மஞ்சளாகிறது. கற்களுக்கிடையே முட்டையிடும் மீனுக்கும், சேறற்ற மணலில் வேர்விடும் பூண்டுக்கும் அந்த மண்ணே சவப்போர்வையாகிறது. அதன் மேல் உரமும் களைநாசினியும் சேர்கின்றன. இவை போதாதென்று, தூண்டில் விளையாட்டுக்காக ஆங்கிலேயர் 1880களிலிருந்து நுவரெலியா மாவட்ட ஓடைகளில் ட்ரவுற் மீனை விட்டு வளர்த்தனர். செர்ரிக் கெண்டையும் ஹல்பூ மீனும் வாழ்வது ராகலையின் குளிர் ஓடைகளில் அல்ல. களனி முதலான தென்மேற்கு ஆறுகளின் தாழ்நிலப் பகுதிகளில். ஆனால் களனி பிறப்பது அட்டன், மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலை மலைகளில்தான். ராகலையின் நீரோ மகாவலியை நோக்கி ஓடுகிறது. மேலே நாம் செய்வது கீழே வந்து சேராமல் போவதில்லை.

நிலைமை மோசமாவதை உணர்ந்த ஆய்வாளர்கள் 1980களின் தொடக்கத்தில் ஒரு பரிசோதனை செய்தனர். தென்மேற்கு ஓடைகளுக்கே உரிய சில சிறு மீன்களைப் பிடித்து, நமது நுவரெலியா மாவட்டத்தைச் சேர்ந்த கினிகத்தேனைப் பகுதியில், மகாவலிக்குச் சேரும் ஓடைகளில் விட்டனர். கருமாணிக்கக் கெண்டையும் ஹல்பூ மீனும் அவற்றுள் அடங்கும். அந்தப் பரிசோதனையின் பெறுபேறுகளை எரிக் விக்கிரமநாயக்க 1990 இல் ஓர் ஆய்விதழில் வெளியிட்டார். கருமாணிக்கக் கெண்டை இன்று மகாவலிப் படுகையில் காணப்படுவது அந்த இடமாற்றத்தின் விளைவே. இன்னொரு மீனின் கதை இதைவிடக் கவலைக்குரியது. 'பண்டுலா' என்ற செந்நிறக் கெண்டை 1991 இல்தான் அறிவியலுக்கு அறிமுகமானது. கேகாலை மாவட்டத்தின் கலபிடமடைப் பக்கத்தில், வயலுக்கும் இறப்பர்த் தோட்டத்துக்கும் நடுவே ஓடும் ஒற்றை ஓடையின் ஒரு துண்டில் மட்டுமே அது வாழ்ந்தது. மிக உயர்ந்த அபாயத்திலுள்ள இனமாக உலகப் பட்டியலில் சேர்க்கப்பட்டுள்ளது. ஓர் ஆண்டில் ஒரு விவசாயி தெளிக்கும் மருந்து ஓர் இனத்தையே முடித்துவிடக்கூடிய நிலை அது.

இந்த இடத்தில் சீனத்து மீன் ஒன்றின் கதையைச் சொல்ல வேண்டும். கன்டன் நகருக்கு அருகிலுள்ள வெண்முகில் மலையின் ஓடையில், தான் என்ற சாரணத் தலைவர் நான்கு சென்ரிமீற்றரைத் தாண்டாத அழகிய மீனொன்றைக் கண்டெடுத்தார். 1932 இல் அதை விவரித்த லின் என்ற அறிஞர், பேரினத்துக்கே 'தானிக்திஸ்', அதாவது 'தானின் மீன்' என்று பெயர் வைத்தார். நகரமும் சுற்றுலாவும் பெருகியதில் அந்த மலையோடையிலிருந்து அது மறைந்தது. 1980க்குப் பின் இருபது ஆண்டுகளளவில் இயற்கையில் அது அற்றுவிட்டதாகவே கருதப்பட்டது. பின்னர்தான் வேறு சில இடங்களில் எஞ்சிய சிறு கூட்டங்கள் தென்பட்டன. அந்த இடைக்காலம் முழுவதும் உலகெங்கும் வீட்டுத் தொட்டிகளில் அது பெருகிக்கொண்டேயிருந்தது. ஓடை கைவிட்ட உயிரைக் கண்ணாடிப் பெட்டி காத்தது.

ராகலையில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் வீட்டு யன்னலோரத்தில் அந்தச் சீன மீன்களையே நான் பார்த்தேன். அவர் அவற்றைத் தெரிந்தெடுத்ததற்குக் காரணம் இருந்தது. செர்ரிக் கெண்டைக்கு 23 முதல் 27 பாகை வரை வெப்பம் வேண்டும். ராகலையின் இரவுக் குளிரில் சூடாக்கி இல்லாமல் அது தாங்காது. வெண்முகில் மீனோ 15 பாகைக் குளிரிலும் துள்ளும். மின்கட்டணம் இல்லாத மீன் என்று அவர் சிரித்தார். அடுத்த தொட்டியில், சூடாக்கியோடு, கண்டியில் வாங்கிய செர்ரிக் கெண்டைகள் இருந்தன. அவற்றைக் காட்டி, "நம்ம நாட்டு மீன நம்மகிட்டயே சிங்கப்பூர்ச் சரக்குன்னு சொல்லி விக்கிறாங்கண்ணே" என்றார். கடைக்காரர் சொன்னது உண்மையாகவும் இருக்கலாம். தூரகிழக்கு நாடுகளின் பண்ணைகளில் இம்மீன் பல தலைமுறைகளாக வளர்க்கப்பட்டு, உலகமெங்கும் ஏற்றுமதியாகிறது.

அவர் செய்த முறையைச் சொல்கிறேன், விரும்புவோர் பின்பற்றலாம். தொட்டியில் மண்ணிட்டு, அதன்மேல் மெல்லிய மணல் பரப்பி, பூண்டுகளை நட்டு, நீர் நிரப்பிய பின் நான்கு முதல் ஆறு கிழமைகள் மீன் விடுவதில்லை. மீனின் கழிவிலிருந்து வரும் அமோனியா நஞ்சு. அதை நைத்திரைற்றாகவும், பின்னர் தீங்கு குறைந்த நைத்திரேற்றாகவும் மாற்றும் பற்றீரியாக்கள் மண்ணிலும் இலைகளிலும் குடியேற அவ்வளவு காலம் வேண்டும். பொறுமையில்லாதவர்களின் தொட்டியில் மீன் சாவது பெரும்பாலும் இதனால்தான். கிரிப்டோகொரைன் பூண்டு புதிய இடத்தில் இலைகளையெல்லாம் உருக்கிவிட்டுச் செத்தது போல் நிற்கும். பிடுங்கிவிடக் கூடாது, வேரிலிருந்து மீண்டும் துளிர்க்கும். முப்பது லீற்றர்த் தொட்டிக்குப் பத்துக் கள்ளத் தண்டியா போதும். செர்ரிக் கெண்டைக் கூட்டத்துக்கு அறுபது லீற்றராவது வேண்டும்.

குஞ்சு பெருக்குவதற்குத் தனியாக ஒரு சிறு தொட்டியில் நீர்ப்பாசியை அடர்த்தியாக இட்டு, ஆணும் பெண்ணுமாக ஒரு சோடியை மாலையில் விட வேண்டும். காலையில் பெண்மீன் பாசிக்குள் முட்டைகளைத் தூவும். தூவி முடித்ததும் பெற்றோரை அப்புறப்படுத்த வேண்டும்; இல்லையேல் தம் முட்டையைத் தாமே தின்றுவிடும். ஓரிரு நாளில் முட்டை பொரிக்கும். கண்ணுக்குத் தெரியாத குஞ்சுக்குக் கண்ணுக்குத் தெரியாத உணவே வேண்டும். காய்ந்த இலையையோ வைக்கோலையோ நீரில் சில நாள் ஊறவைத்தால் நுண்ணுயிர்கள் பெருகும். அந்த நீரைத் துளித்துளியாக விடுவார் ஆசிரியர். அயலிலுள்ள பிள்ளைகள் மாலையில் வந்து உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்துவிட்டுப் போவார்கள்.

இதில் ஒரு பெரிய கேள்வி அடங்கியிருக்கிறது. ஓடையில் வலைவீசிப் பிடிக்கும் மீன் ஓடையைக் காலியாக்குகிறது. தொட்டியில் பெருக்கும் மீன் ஓடையை விட்டுவைக்கிறது. அலங்கார மீன் வளர்ப்பு உள்ளிட்ட துறைகளை ஊக்குவிக்கவென 1998 ஆம் ஆண்டின் 53 ஆம் இலக்கச் சட்டத்தின்படி 'நெக்டா' எனப்படும் நீர்வாழ் உயிரின வளர்ப்பு அதிகாரசபை நாட்டில் அமைக்கப்பட்டது. தோட்டப்புற இளைஞர்களுக்குச் சொந்த நிலமில்லை. லயத்து வாசலில் ஒரு பாத்தி போடுவதற்கும் இடமில்லாத குடும்பங்கள் இன்றும் உண்டு. நான்கடிப் பலகையில் அடுக்கிய நான்கு தொட்டிகளுக்கு நிலவுறுதி தேவையில்லை. அவர்களுக்குப் பயிற்சியும், சுதேச இனங்களைச் சட்டப்படி பெருக்குவதற்கான வழியும் கிடைக்குமானால், வருவாயோடு அறிவும் சேரும். காடழிக்கக் கொண்டுவரப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள், அந்தக் காட்டோடைகளில் எஞ்சிய உயிரைக் காப்பவர்களாக இருப்பது வரலாற்றில் ஒரு நியாயமான திருப்பமாகும்.

எனினும் ஒரு எச்சரிக்கை. தொட்டியில் வளர்ந்த எதையும் ஓடையில் விடலாகாது. பெக்கெற் துரையின் பெயர் தாங்கிய நமது பூண்டு, அமெரிக்காவின் ரெக்சாஸ் மாநிலத்துச் சான் மார்க்கோஸ் ஆற்றில் எவராலோ விடப்பட்டுப் பெருகி, அதைப் பிடுங்கியெறிய அந்நாட்டு அரசு ஆட்களை இறக்க வேண்டியதாயிற்று. நமது நாட்டிலோ தொட்டி துப்புரவாக்க வந்த கவச உடற் கெளிறும், அழகுக்காக வந்த கத்திவால் மீனும் நீர்நிலைகளில் பரவி, சுதேச மீன்களுக்கு நெருக்கடி தருகின்றன. வெண்முகில் மீன் ராகலைக் குளிரில் செழிப்பதாலேயே அதை ராகலை ஓடைக்குள் விடுவது பெருந்தவறாகும். ட்ரவுற் விட்ட துரைமாரின் வேலையை நாமும் செய்யக்கூடாது.

கண்ணாடிப் பெட்டி ஓடைக்கு மாற்றும் அல்ல. முப்பது லீற்றர் நீரை மாதக்கணக்கில் தெளிவாக வைத்திருக்க எத்தனை கவனம் வேண்டியிருக்கிறது என்பதை ஒரு தொட்டி வைத்தவர் அறிவார். ஒரு சிட்டிகை உணவு கூடினால் நீர் கெடுகிறது. ஒரு துளி களைநாசினி பட்டால் எல்லாம் முடிந்துவிடுகிறது. அதை அறிந்த பிள்ளை, வீட்டுக்குப் பின்னால் ஓடும் கானை அதே கண்ணால் பார்க்கத் தொடங்கும். தொட்டியின் உண்மையான பயன் அதுவே என்பது என் கருத்து.

கடைசியாக வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். தித்தேயா, தண்டியா, பெத்தியா என்ற சிங்களச் சொற்கள் உலக அறிவியலில் ஏறிவிட்டன. தோட்டத்து ஓடைகளிலும் பீலிக்கரைகளிலும் கையால் மீன் அள்ளி விளையாடிய நம் பிள்ளைகளும் அந்தச் சிறு மீன்களை ஏதோ ஒரு பெயர் சொல்லியே அழைத்திருப்பார்கள். ராகலையிலோ, அட்டனிலோ, பதுளையிலோ, அங்கிருந்து தாயகம் திரும்பிக் கூடலூரிலும் கோத்தகிரியிலும் வாழ்வோரிடத்திலோ அந்தப் பெயர்கள் இன்னும் நாவில் இருக்கக்கூடும். தெரிந்தவர்கள் மீனின் நிறம், அளவு, கண்ட ஓடை ஆகியவற்றோடு அப்பெயர்களை எனக்கு எழுதுங்கள். சேர்த்து வைப்போம். சொல் போய்விட்டால், அந்த மீன் போனதும் நமக்குத் தெரியாது.